ஒரு வேளையேனும் ஒன்றாக உண்போம்

(காவிரிப் பாசனப் பகுதியில் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற ஒருநாள் பயிற்சி முகாமில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இம்முகாமில் காலை முதல் பல பொருள்கள் பற்றிப் பேசப்பட்டன. சாலை, வடிகால், வாய்க்கால் மராமத்து, விதை நெல், உரம் ஆகியவை குறித்து அவற்றை நன்கறிந்தவர்கள் விளக்கினார்கள். கடைசியாகப் பேச வந்துள்ள நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மதிப்பீடு தயாரிக்க வேண்டியதில்லை. ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியதில்லை. மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நாள்தோறும் ஒரு வேளையேனும் வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்ண வேண்டும் என்பதே அப்பொருள்.

“இதைச் சொல்லவா ஓர் அதிகாரி வர வேண்டும்?” என்று பின்வரிசையில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் மாறியதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நெல் உண்டு, வலிமை இல்லை

நம் நாட்டில் சமூக அபிவிருத்தித் திட்டம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப் பெற்றது. அந்நாளில் கிராமத்தின் முதற்கவலை வயிற்றுக் கவலையாக இருந்தது. பருவம் பொய்த்தால் பட்டினி என்ற நிலை அன்று. இன்றைய நிலை வேறு. பாசனமும் புதிய விதைகளும் விளைச்சலைப் பெருக்கின. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் ரேஷன் அட்டைக்கு அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. ஆகவே பெரும்பாலான வீடுகளில் அடுப்பு எரியாத நாள் இல்லை என்று சொல்லும் அளவுக்கு முன்னேறியிருக்கிறோம். இது பெருமைப்படத்தக்கதே.

ஆயினும், 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு நம்மைத் தலைகுனியச் செய்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள் என்று அவ்வாய்வு கண்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இத்தொகை நூற்றுக்கு 57-க்கும் மேல். ஆண்களிடையே இக்குறை இவ்வளவு பரவலாக இல்லை.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பானைச் சோறு. அதனை உண்ணும் ஆணுக்கு வலிமை இருக்கிறது, பெண்ணுக்கு இல்லை. இது எவ்வாறு நேர்கிறது?

இயற்கைக் காரணம் ஒன்று உண்டு. மாதவிலக்காலும் மகப்பேற்றாலும் பெண்ணின் உடல் இரும்புச் சத்தை இழக்கிறது. ஆகையால் அவளுக்கு அச்சத்து மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகளின்படி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும். பெண்ணுக்கோ 29 மில்லிகிராம் வேண்டும். இந்நிறுவனம் 1918-இல் நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் ஓர் அறையில் சிறு ஆய்வுக்கூடமாகத் தோன்றியது. 1958-இல்தான் ஐதராபாத்துக்குச் சென்றது.

அதிகம் தேவைப்படுபவருக்கு அதிகம் கிடைக்க வேண்டும் என்பதே நியாயம். உழவர்களாகிய உங்களுக்கு இதனைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சினைப் பசுவுக்கும் கறவைப் பசுவுக்கும் தீவனம் கூட்டிப் போடுகிறீர்கள். மற்ற மாடுகள் தின்று கழித்த வைக்கோலை அவற்றுக்குத் தள்ளும் வழக்கம் எந்தத் தொழுவத்திலும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் நடப்பது என்ன?

கடைசியாக உண்பவர் யார்?

நம் வட்டாரத்தில் ஒரு நடுத்தர உழவர் வீட்டின் ஒரு நாளை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். வைகறையில் தகப்பனார் ஒரு குவளைத் தேநீருடன் வயலுக்குச் செல்கிறார். ஏழரை மணிப் பேருந்துக்கு மகன் ஓடுகிறான். இளையவள் பள்ளிக்குப் புறப்படுகிறாள். தாய் பாலைக் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டு, நடவுக்கோ களைக்கோ போகிறாள். நண்பகலில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில்.

இரவிலேனும் கூடுகிறார்களா எனில், அதுவும் இல்லை. ஏழு மணிக்கு மகன் கைப்பேசியும் கையுமாக உண்டு எழுகிறான். எட்டு மணிக்குப் பெரியவர் தொலைக்காட்சியின் முன் உண்கிறார். கடைத்தெருவுக்குச் சென்ற வீட்டுத்தலைவர் ஒன்பதரைக்குத் திரும்பி உண்கிறார். மூன்று முறை சோறு சூடு செய்யப்படுகிறது. மூன்று முறை பரிமாறப்படுகிறது. பிறகே அந்தத் தாய் பானையின் அருகில் அமர்கிறாள். அந்நேரம் குழம்பில் காய் இல்லை. பொரியல் சட்டியில் எண்ணெய் மட்டும் ஒட்டியிருக்கிறது. எஞ்சிய சோற்றில் ரசத்தின் தெளிவையோ நீர் மோரையோ ஊற்றி, ஓர் ஊறுகாய்த் துண்டுடன் உண்டு பாத்திரம் கழுவப் போகிறாள். அவள் உண்டாள் என்பது அனைவருக்கும் தெரியும். என்ன உண்டாள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

வீட்டிலுள்ளோர் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவளுக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்று எவரும் எண்ணுவதில்லை. பிரித்து உண்பதால் எவர் கண்ணிலும் அது படுவதில்லை, குறை அவ்வளவே.

எமது இல்லத்தில் கண்டது

ஊராருக்கு உபதேசம் செய்யுமுன் எமது இல்லத்துக் கதையைச் சொல்லிவிடுவது நேர்மையாகும்.

எம் மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். படிக்க அமர்ந்தால் கண்ணயர்ந்தாள். சோம்பல் என்று கடிந்துகொண்டோம். பள்ளியில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவளுக்கு ஹீமோகுளோபின் 9.2 என்று தெரிய வந்தது. அவ்வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையலாகாது. ஊர்தோறும் கிராம சபைகளில் ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசி வந்தவரின் வீட்டிலேயே இந்நிலை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவ அம்மையார் இரும்புச் சத்து மாத்திரையும் குடற்புழு நீக்க மாத்திரையும் எழுதித் தந்தார். பின்பு, “உங்கள் பெண் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், சார்?” என்று வினவினார். “தன் தாயுடன்” என்றோம். “தாய் எப்போது சாப்பிடுகிறார்? என்ன சாப்பிடுகிறார்?” என்று அடுத்த வினா வந்தது. பதினெட்டு ஆண்டு இல்வாழ்க்கைக்குப் பின் அதற்கு எம்மிடம் விடை இல்லை.

அன்று மாலை முகாம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் நேரத்தோடு வீடு திரும்பி, கூடத்தில் அமர்ந்து கவனித்தோம். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை என்பதால் மகனுக்கு முதலில் சோறும் முட்டையும் வைக்கப்பட்டன. அடுத்து எம் தாயார். அடுத்து எமக்கு இலை போடப்பட்டது. எல்லோரும் எழுந்த பிறகே தாயும் மகளும் சமையலறையில் அமர்ந்தனர். கீரை தீர்ந்திருந்தது. முட்டை இரண்டே வேகவைக்கப்பட்டிருந்தன, அவையும் தீர்ந்திருந்தன. எம் மனைவிக்கும் மறுவாரம் இரத்தப் பரிசோதனை செய்வித்தோம். 9.8 என்று வந்தது. எமது குடும்பத்தில் இரத்தம் குறைந்தவர்கள் இருவர். கடைசியாக உண்டவர்களும் அதே இருவர்.

அன்று முதல் இரவு எட்டு மணிக்கு அனைவரும் ஒருங்கே அமர்வது என முடிவு செய்தோம். எம் தாயார் முதலில் இசையவில்லை. “பரிமாறுகிறவளே உட்கார்ந்துவிட்டால் யார் எழுந்து போடுவது?” என்றார். பாத்திரங்கள் யாவற்றையும் நடுவில் கொண்டுவந்து வைத்தோம். கை எட்டும் தூரத்தில் கரண்டி இருந்தால் எழ வேண்டிய தேவை இல்லை அன்றோ? நான்கைந்து நாள் சென்றபின் அவரே ஒரு நாள், “உன் அப்பா இருந்த காலத்தில் நான் ஒரு நாளும் சுடுசோறு தின்றதில்லை, அப்பா” என்றார். நாற்பது ஆண்டுகள் அவர் அதனைச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

நான்கு மாதங்களுக்குப் பின் மகளுக்கு 11.6 ஆயிற்று, மனைவிக்கும் 11-ஐத் தாண்டியது. மாத்திரையின் பயனை நாம் மறைக்கவில்லை. ஆனால் அம்மாத்திரையை இருவரும் நாள் தவறாமல் உட்கொண்டதும், கீரையும் முட்டையும் அவர்கள் தட்டுக்கு வந்து சேர்ந்ததும், அனைவரும் ஒருவரையொருவர் பார்த்து அமர்ந்ததனால்தான்.

செய்யும் முறை

இனி இதனை நடைமுறையில் கொள்ளும் வழிகளைச் சொல்வோம்.

முதலாவது, ஒரு வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மூன்று வேளையும் கூட வேண்டும் என்று தொடங்கினால் மூன்றாம் நாள் கைவிட நேரும். பலருக்கு இரவு உணவு ஏற்றதாகும். இரவில் நீர்ப்பாய்ச்சும் முறை வருபவர்களும், அறுவடைக் காலத்தில் களத்தில் தங்குபவர்களும் அந்நாட்களில் காலை உணவை வைத்துக்கொள்ளலாம். வேளை மாறலாம், வழக்கம் விடுபடலாகாது.

இரண்டாவது, சமைத்தது அனைத்தும் நடுவுக்கு வரட்டும். உண்ணத் தொடங்குமுன் எல்லாத் தட்டுகளிலும் எல்லாப் பண்டங்களும் வைக்கப்பட வேண்டும். சமைத்தவர் அமர்ந்த பின்னரே மற்றவர் கை வைக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் காத்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, முட்டையோ மீனோ போதாமல் இருந்தால் எண்ணிக்கையைப் பார்த்துப் பகிருங்கள். மூன்று முட்டையை ஆறு பேருக்குப் பாதி பாதியாக வைக்கலாம். கருவுற்ற பெண்ணும் பாலூட்டும் தாயும் வளரும் பெண்ணும் இருந்தால் அவர்களுக்கு முழுமையாக வைப்பதே முறை.

நான்காவது, தட்டில் என்ன இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நம் வட்டாரத்தில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே உளுந்தும் பச்சைப் பயறும் தெளிக்கிறோம். விளைந்ததும் மூட்டை கட்டி விற்றுவிட்டு, வீட்டுக்குக் கடையில் கால் கிலோவாக வாங்குகிறோம். ஆண்டுக்கு வேண்டியதை வீட்டுக்கென ஒதுக்கிவிட்டு மீதியை விற்றால் என்ன? கொல்லையில் முருங்கையும் அகத்தியும் செலவின்றி வளரும். கேழ்வரகில் அரிசியைக் காட்டிலும் பன்மடங்கு சுண்ணாம்புச் சத்து உண்டு. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் அடங்கியுள்ளது. கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் நன்கு ஏற்கும். உணவுடன் தேநீரோ காப்பியோ அருந்தினால் அது தடைப்படும். ஆதலால் உண்பதற்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

ஐந்தாவது, அந்த இருபது நிமிடத்துக்குத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்வு பெறட்டும். கடன் பாக்கி, மதிப்பெண் குறைவு, பங்காளி வழக்கு ஆகியவற்றையும் அந்நேரத்தில் எடுக்க வேண்டாம். திட்டு வாங்கிக்கொண்டே உண்ணும் பிள்ளை மறுநாள் பசியில்லை என்று ஒதுங்கிவிடும். உண்டபின் தட்டுகளை அவரவர் கழுவி வைப்பதும் நன்று; ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

சொல்லப்படும் தடைகள்

“கணவன் உண்டபின் மனைவி உண்பதே மரியாதை” என்று சிலர் கூறுவர். மரியாதையை நாம் குறை கூறவில்லை. அது சொல்லிலும் நடத்தையிலும் விளங்கட்டும். ஒருத்தியின் இரத்தத்தைக் குறைத்து மற்றொருவர் பெறும் மரியாதை எந்தக் குடும்பத்துக்கும் நன்மை தராது.

“எங்கள் வீட்டில் இருப்பதே கொஞ்சம், அதில் கூடி உண்ண என்ன இருக்கிறது?” என்று கூலி வேலை செய்யும் தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நிறைந்த வீட்டில் கடைசியாக உண்பவருக்கும் ஓரளவு மிஞ்சும். குறைந்த வீட்டிலோ கடைசியாக உண்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே கொஞ்சமாக இருக்கும் வீட்டில்தான் அனைவரும் முன்னிலையில் பகிர்வது முதற்கண் வேண்டப்படுகிறது.

“வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, மகன் வெளிநாட்டில்” என்பாரும் உளர். இருப்பவர்கள் கூடி அமர்வதே போதும். மாமியாரும் மருமகளும் பேரனும் ஆகிய மூவர் அமர்ந்தாலும் அது குடும்ப உணவே. தனியே வாழும் முதியோரை வாரத்தில் ஓரிரு நாள் அண்டை வீட்டார் உடன் அமர்த்திக்கொள்வார்களாயின், நாள் முழுதும் ஒரு குவளைக் கஞ்சியுடன் காலம் தள்ளும் ஒருவரை ஊர் காத்ததாகும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

வீட்டுக்குள் நடப்பதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். தட்டைப் பார்வையிட நாம் வரச் சொல்லவில்லை. ஆனால் வீட்டின் நேரத்தைப் பஞ்சாயத்து தன் கையில் வைத்திருக்கிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறோம்.

ஓர் ஊருக்கு இரவு ஏழரை மணிக்குச் சென்றிருந்தோம். தெருவிலுள்ள தாய்மார்கள் அனைவரும் குடத்துடன் குழாயடியில் நின்றனர். மேல்நிலைத் தொட்டி திறக்கும் நேரம் அது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ்ப் பல வீடுகளுக்குக் குழாய் வந்துவிட்ட போதிலும், தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டுப் பெண் குழாயருகிலேதான் இருந்தாக வேண்டும். “தண்ணீர் வரும்போது சோறா பெரிது, ஐயா?” என்றார் ஒரு மூதாட்டி. தொட்டி இயக்குபவரைக் கலந்து, திறக்கும் நேரத்தை மாலை ஐந்தரைக்கு மாற்றினார்கள். ஒரு ரூபாயும் செலவாகவில்லை. உங்கள் ஊரில் தொட்டி எந்நேரம் திறக்கப்படுகிறது என்பதை நாளையே விசாரியுங்கள்.

ஊர்க் கூட்டங்களையும் குழுக் கூட்டங்களையும் எட்டு மணிக்கு மேல் வைத்துப் பத்து மணிக்கு முடிக்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அவற்றை மாலையில் வைத்து முடிக்கலாம். திருவிழா ஒலிபெருக்கியை அந்த ஒரு மணி நேரம் நிறுத்தலாம். வளரிளம் பெண்களுக்கும் தாய்மார்களுக்கும் இரத்தப் பரிசோதனை முகாம் நடத்துமாறு சுகாதார நிலையத்தைக் கேட்டுக்கொள்ளலாம். தம் வீட்டுப் பெண்களின் இரத்த அளவு என்ன என்பதை ஆண்கள் அறிந்துவிட்டால், நாம் இங்கே நின்று நீண்ட நேரம் பேச வேண்டிய அவசியம் இராது.

கூடி உண்ணும் வழக்கத்தை நம் பள்ளிக்கூடங்கள் முன்பே காட்டியுள்ளன. 1956-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய பகல் உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும், 2022-இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டமும் பிள்ளைகளின் பசியைத் தீர்த்ததோடு நிற்கவில்லை. எவ்வீட்டுப் பிள்ளையாயினும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே அளவு பெற்று, ஒரே நேரத்தில் உண்ணலாம் என்பதை அவை கற்பித்தன. ஆண் பிள்ளைக்கு முன்னும் பெண் பிள்ளைக்குப் பின்னும் என்ற பேதம் அவ்வரிசையில் இல்லை. பள்ளியில் பிள்ளைகள் கற்றதை வீட்டில் பெரியவர்கள் பின்பற்ற வெட்கப்பட வேண்டாம்.

முடிவாக

நண்பர்களே, இதற்கெனத் தீர்மானம் இயற்றிப் பதிவேட்டில் ஒப்பமிடுமாறு நாம் கேட்கவில்லை. எவரும் உங்களிடம் அறிக்கை கோரமாட்டார்கள். இன்று மாலை இம்முகாம் ஐந்து மணிக்கு முடிவடையும். வீட்டுக்குச் சென்று சேர நேரம் இருக்கிறது. இன்றிரவு உண்ண அமரும்போது, சமைத்தவரையும் அழைத்துப் பக்கத்தில் அமரச் செய்யுங்கள். அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். பதினெட்டு ஆண்டுகள் பாராமல் இருந்த ஒருவரின் வேண்டுகோள் இது.